மரப்பாலம் ஸ்டாப்பில் இல்லாத மரப்பாலம்

நம்ம தெருக் கையெழுத்துப் பத்திரிகையில் இதுவரை மூன்று பயணக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஒருத்தர் திருப்பதி போனார். ஒருத்தர் ஊட்டி போனார். இன்னொருத்தர் மாமனார் வீட்டுக்கு நெய்வேலி போய்விட்டு வந்து, என்னமோ சுரங்கத்தையே அவர்தான் தோண்டினமாதிரி எட்டுப் பக்கம் எழுதினார். நான் போனது நாலரை கிலோமீட்டர். அரியாங்குப்பத்திலிருந்து பாண்டிச்சேரி டவுனுக்குள் இருக்கிற ஒரு பாலர் பள்ளி வரைக்கும். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் நாலு வயசில் ஒரு வாண்டு இருந்தால், என்றைக்காவது நீங்களும் இந்தப் பயணம் போக வேண்டியிருக்கும்.

போனது காலாண்டுப் பரீட்சை லீவில், ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு லீவு, என் தம்பி தாமுவுக்கு லீவு இல்லை. பத்தாவது படிக்கிறவளுக்கு லீவு விடுகிறார்கள், 'அ'னா எழுதத் தெரியாதவனுக்குப் பள்ளிக்கூடம் வைக்கிறார்கள். நாடு உருப்படும்.

ஏன் போனேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாசம் வரைக்கும் தாமு என் ஆள். நான் கண்ணடித்தால் அவன் செருப்பை ஒளிப்பான். நான் இருமினால் அவன் அழுவான், வந்திருக்கும் விருந்தாளி எழுந்து போய்விடுவார். இப்படி ஒரு கூட்டாளியைத் தயார் பண்ண எனக்கு இரண்டு வருஷம் ஆனது. ஜூனில் அப்பா அவனைச் சைக்கிளில் உட்கார வைத்து அந்தப் பாலர் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். அதிலிருந்து வீட்டில் 'செசில் சொன்னா', 'செசில் சிரிச்சா', 'யூசுப் வந்தாத்தான் பாலம் நிக்கும்'. நான் பல்லி மாதிரி கத்திக் காட்டினாலும், "இரு அக்கா, நான் நெனச்சிக்கினு இருக்கேன்" என்கிறான். என்ன நினைக்கிறான்? செசிலைத்தான். பொறாமையில் ஓர் ஆமை இருக்கிறது என்பார்கள். என்னிடம் வந்தது ஆமை இல்லை, எக்ஸ்பிரஸ்.

இந்த நேரத்தில்தான் அம்மா ஒரு பேச்சை எடுத்தார். அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு மாறுகிறது, காலையில் தாமுவைக் கொண்டுபோய் விட ஆள் இல்லை. அம்மா பாண்டிச்சேரிக்குப் பக்கத்து மேட்டுப்பாளையத்தில் இருக்கிற பிஸ்கட் கம்பெனிக்கு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்.

"நீ ஒரு நாள் போயி கூடவே உக்காந்து பாத்துட்டு வா பரிமளா. எதனா படிப்பு வருதுன்னா யார் கூடவாச்சும் அனுப்பலாம். வெறும் வெளையாட்டுதான்னா நிறுத்திடலாம். சித்தி வூட்லயே வெளையாடட்டும்."

அதாவது தாமு அங்கே இருப்பானா, எனக்குத் திரும்பக் கிடைப்பானா என்பது என் வாயில் இருக்கிறது. என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, முதல் பக்கத்தில் 'நிறுத்துவதற்கான காரணங்கள்' என்று தலைப்புப் போட்டு, அடியில் கோடும் இழுத்துவிட்டுத்தான் படுத்தேன்.

காலை எட்டு பத்துக்கு டவுன் பஸ். எட்டு பத்து என்றால் எட்டு இருபத்திரண்டு. எனக்கு டிக்கெட் நாற்பது காசு. கண்டக்டர் தாமுவைப் பார்த்து, "பையனுக்கு எவ்ளோ வயசு?" என்றார். நான் "மூணுண்ணே" என்று சொல்லிவிட்டு வழக்கம்போலக் கண்ணடித்தேன். போன வருஷ தாமுவாக இருந்தால் உடனே கட்டை விரலைச் சூப்பி இரண்டு வயசுக்கே இறங்கியிருப்பான். இந்த வருஷ தாமு நாலு விரலைக் காட்டி, "நாலு. ஸ்கூல்ல மதாமும் கேட்டாங்க, நாலுன்னுதான் சொன்னேன்" என்றான்.

"நாலுக்கும் டிக்கெட் கெடையாதும்மா. எதுக்கு இந்த வேலை?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நான் நோட்டில் முதல் காரணம் எழுதினேன்: 'அக்காவைக் காட்டிக் கொடுக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள்.'

ஆற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போகும். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். தாமு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் தூண்களை எட்டிப் பார்த்தபடியே வந்தான். அப்புறம் முருங்கப்பாக்கம், அப்புறம் மரப்பாலம் ஸ்டாப். பேர்தான் மரப்பாலம். நான் எத்தனையோ தடவை தலையை நீட்டித் தேடியிருக்கிறேன், மரப்பாலம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. முதலியார்பேட்டையில் மில்லுக்காரர்கள் கும்பலாக ஏறினார்கள். டவுனில் இறங்கும்போது மணி எட்டு ஐம்பது.

அங்கிருந்து கிழக்கே பன்னிரண்டு நிமிஷ நடை. பெரிய வாய்க்காலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். தாண்டியதும் திறந்துகொள்ளுங்கள், கடல் காற்று வரும். மஞ்சள் சுவர், உயரமான கதவு, கதவுக்கு மேலே காகிதப்பூக் கொடி. வழியெல்லாம் நான் அவன் கையைப் பிடித்திருந்தேன். கதவைப் பார்த்ததும் அவன் கையை உருவிக்கொண்டு ஓடினான். நான் வாசலில் நின்று என் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது காரணம் எழுதலாமா என்று யோசித்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

டீச்சர் பேர் ரோஸ்லின். பிள்ளைகள் 'மதாம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மதாம் என்றதும் பிரெஞ்சுக்காரி மாதிரி குடை, தொப்பி, பவுடர் என்று கற்பனை பண்ணிக்கொண்டு போயிருந்தேன். சுங்குடிப் புடவை, கையெல்லாம் பசை, இருபத்தைந்து வயசுகூட இருக்காது. அம்மா கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு, சுவரோரம் இருந்த ஒரு குட்டிப் பெஞ்சைக் காட்டினார்.

"தாராளமா உக்காரு. ஒண்ணே ஒண்ணு, யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்கக் கூடாது."

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கக் கூடாதாம். பெஞ்சு என் முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன.

பதினாலு பிள்ளைகள். ஒரே நீளக் கூடம். கரும்பலகை இல்லை, பிரம்பு இல்லை, 'அ'னா 'ஆ'வன்னா இல்லை. ஒரு மூலையில் கடை, ஒரு மூலையில் மணல் தொட்டி, நடுவில் தச்சுப் பட்டறையில் வெட்டிப்போட்ட மரக்கட்டைகள். பதினாலு பேருக்கு இரண்டே கத்தரிக்கோல். நான் குஷியாகி நோட்டில், 'கத்தரிக்கோல் வாங்கக்கூட வக்கில்லை' என்று எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தால், கண்ணாடி அலமாரிக்குள் ஒரு டப்பா நிறையக் கத்தரிக்கோல் இருந்தது. மதாமைக் கேட்டேன்.

"ஆளுக்கு ஒண்ணு குடுத்தா ஆளுக்கு ஒரு மூலைக்குப் போயிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் பசை கிண்டப் போய்விட்டார்.

எழுதினதை அடித்தேன். பேனாவால் அடித்தால் நோட்டு அசிங்கமாகிறது. அடுத்த தடவை பென்சில் எடுத்துப் போக வேண்டும்.

செசில் யார் என்று யாரும் காட்டித் தர வேண்டியிருக்கவில்லை. ஐந்து வயசு, இரட்டைப் பின்னல், இடுப்பில் கை. மரக்கட்டை மூலையில் தாமுவும் யூசுப்பும் அவளும் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யூசுப் ஒல்லியாக இருப்பான், எல்லாவற்றுக்கும் "இல்ல, இல்ல" என்பான். உயரமான கட்டைகள் நாலுதான் இருந்தன, அவைதான் தூண். மேலே வைக்க ஒரே ஒரு நீளப் பலகை. ஒருத்தன் தூக்கினால் அடுத்த முனை தரையில் இடிக்கும், அதனால் தாமு ஒரு முனை, யூசுப் ஒரு முனை. "தூக்கு" என்று செசில் சொல்லும்வரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். தாமு, காத்திருந்தான். என் வீட்டில் இட்லி ஆறும்வரைக்கும் காத்திருக்காத தாமு.

ஒரு சின்னப் பையன் விரலைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். செசில் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு வேல இருக்குதா?"

அவன் தலையை ஆட்டினான், இல்லை.

"அப்ப நீ பாலத்துக்கு லைட்டு. கைய தூக்கு."

அவன் கையைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் ஓரத்தில் நின்றான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம், கரண்டே இல்லாமல். கொஞ்ச நேரத்தில் புரிந்தது, அந்தக் கூடத்தின் வழக்கமே அதுதான். அங்கே யாரும் 'நானும் வரலாமா' என்று கேட்பதில்லை. சும்மா நிற்கிற ஆளை யார் முதலில் பார்க்கிறார்களோ, அவர்கள் ஒரு வேலை கண்டுபிடித்துத் தர வேண்டும். கடையில் ஒரு பெண் தராசாக நின்றாள். இன்னொருத்தன் பூட்டு.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினாலு பேருக்கும் வேலை இருந்தது. எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. தாமு ஒரே ஒரு தடவை திரும்பினான், என்னைத் தாண்டிச் சுவர்க் கடியாரத்தைப் பார்த்தான். கடியாரம் பார்க்கவே அவனுக்குத் தெரியாது.

அப்புறம் நான் செய்தது நல்ல காரியம் இல்லை. எழுதுவதற்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம்தான். பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எல்லாரும் பின்கட்டுக்குப் போனார்கள். பாலத்தைப் பிரித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், திரும்பி வந்து அகலமாகக் கட்டப்போகிறார்களாம். நான் எழுந்து போய், நாலு தூண்களில் ஒன்றை எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, வசதியாக உட்கார்ந்தது. கணக்கு சுலபம். தூண் இருக்காது, பாலம் நிற்காது, அடிதடி நடக்கும், தாமு அழுவான், அழுதால் என்னிடம்தான் ஓடி வருவான். சாயங்காலம் அம்மாவிடம், 'பையன் அழுதுக்கினே இருந்தான்மா' என்று சொல்லலாம். அது பொய்யாகவும் இருக்காது.

முதல் பாதி கணக்குப்படியே நடந்தது. யூசுப் செசிலை "நீதான எடுத்த" என்றான். செசில் அவனைத் தள்ளினாள். தாமுவின் உதடு பிதுங்கியது. நான் பெஞ்சில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தேன், ஓடி வருகிறவனுக்காக.

அவன் ஓடி வரவில்லை. மூன்று தூணை நட்டான். நாலாவது இடத்தில் தானே மண்டிபோட்டு, பலகையின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பஸ்ஸு வுடு" என்றான்.

யூசுப் மர பஸ்ஸை விட்டான். அது பாலத்தின் மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது, டவுன் பஸ் மாதிரிதான். தாமு பலகையை விடவில்லை.

"கை வலிக்குது."

"பத்து எண்ணு. அப்புறம் நான் புடிக்கிறேன்" என்றான் யூசுப்.

தாமு எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்போது, பத்து."

இதை நீங்கள் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது. கோடை லீவு முழுக்க நான் அவனுக்குப் புளியங்கொட்டை வைத்து எண்ணக் கற்றுக் கொடுத்தேன். ஐந்துக்கு மேலே ஏறவே இல்லை. (நடுவில் ஒரு கொட்டையை நான் ஒளித்து வைப்பேன், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.) இங்கே யாரும் சொல்லித் தரவில்லை. கை வலித்தது, மாற்றிவிட ஓர் ஆள் பக்கத்தில் இருந்தான், பத்து வந்துவிட்டது. ஏழு மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. அப்புறம் யூசுப் பிடித்தான், அவனும் ஏழை விட்டுவிட்டுத்தான் எண்ணினான். செசிலும் அப்படியே. யாராவது ஒருத்தர் ஏமாற்றியிருந்தால் சண்டை வந்திருக்கும். மூன்று பேரும் ஒரே அளவு ஏமாற்றிக்கொண்டார்கள்.

நோட்டை மூடினேன். வயிறு எரிந்தது. காலையில் தின்ற பழைய சோற்றால் இல்லை.

முறை முடிந்த தாமு நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, பையில இருக்குதா?"

"எந்தப் பை?"

இந்த 'எந்தப் பை' நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். அவன் என் முகத்தைப் பார்த்தான். பையைத் தொடவில்லை. திரும்பிப் போய் அவர்களிடம் சாதாரணமாகச் சொன்னான்.

"எங்க அக்காதான் எடுத்துக்குச்சு."

"ஏன்?" என்றாள் செசில்.

"அதுக்கு வேல இல்ல. அதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. 'அதுக்குச் சளி' என்று சொல்கிற மாதிரி சொன்னான். அந்தப் பக்கம் பசை கிண்டிக்கொண்டிருந்த மதாம் கிண்டுவதை நிறுத்தினார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. என் காது சூடாகிவிட்டது. பத்தாவது படிக்கிறேன், வகுப்புத் தலைவி மேசைக்குள் தவளை விட்டவள், யாரிடமும் இதுவரை மாட்டினதில்லை.

செசில் இடுப்பில் கையோடு வந்து என் முன்னால் நின்றாள். பெஞ்சில் இருந்ததால் இரண்டு பேரும் ஒரே உயரம்.

"தூணா நிக்கிறீங்களா அக்கா?"

"இல்ல, இல்ல. ரொம்ப ஒசரம். பாலம் சாஞ்சிடும்" என்றான் யூசுப்.

"லைட்டு?"

"லைட்டு இருக்கான்."

மூன்று பேரும் யோசித்தார்கள். எனக்கு வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம் வந்தது, உண்மையாகவே. அப்போது தாமு சொன்னான்:

"அக்கா ஆறு. ஆறு இல்லாம பாலம் எதுக்கு?"

பையிலிருந்து தூணை எடுத்துக் கொடுத்தேன். பாவாடையை ஒழுங்குபண்ணிக்கொண்டு தரையில் நீட்டிப் படுத்தேன். நரி பரியான கதை கேட்டிருப்பீர்கள், பரிமளா ஆறான கதை இதுதான். என் முழங்காலுக்கு இந்தப் பக்கம் இரண்டு தூண், அந்தப் பக்கம் இரண்டு தூண், மேலே பலகை. "ஆறு சிரிக்கக் கூடாது" என்றாள் செசில். "ஆறு அசைஞ்சா பஸ்ஸு வுழுந்துடும்" என்றான் யூசுப். கால் மணி நேரம் அசையாமல் கிடந்தேன். என் வகுப்பு டீச்சர்கள் பார்த்திருந்தால் ஓர் உண்டியல் வைத்துக் காணிக்கை போட்டிருப்பார்கள். தாமு என் வயிற்றில் ஒரு காகிதக் கப்பல் வைத்தான். மூச்சு விட்டால் அது ஏறி இறங்கியது.

பன்னிரண்டரைக்குப் பள்ளி முடிந்தது. பஸ் ஒன்றேகாலுக்குத்தான். திரும்பும்போதும் நாற்பது காசு, வேறு கண்டக்டர், இந்தத் தடவை நான் வயசு எதுவும் சொல்லவில்லை. ஆற்றுப் பாலம் வந்ததும் தாமு என் தாடையைப் பிடித்துத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே காட்டினான்.

"பாரு, நீ."

கீழே ஆறு வெயிலில் சும்மா கிடந்தது.

"நாளைக்கும் வருவியா?"

"மாட்டேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்குது" என்றேன், கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு.

"சரி. லைட்டு ஆறா இருப்பான்."

பாலம் முடிவதற்குள் என் பதவி போய்விட்டது.

அம்மா ஆறரைக்கு வந்தார். புடவையில் பிஸ்கட் வாசனை. கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, "என்னடி, வெளையாட்டுல எதனா வெளையுதா?" என்று கேட்டார். (என் வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.) நான் பஸ்ஸிலேயே பதிலைத் தயார்பண்ணி வைத்திருந்தேன்.

"போர்டு இல்ல. சிலேட்டு இல்ல. டீச்சர் எதுவும் சொல்லித் தரல. காலைலேருந்து வெளையாட்டுதான்."

ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம்.

"அப்ப நிறுத்திடலாமா?"

தாமு வாசலில் காலித் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் அவனைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. 'ஆமா' என்று சொன்னால் போதும். நாளையிலிருந்து அவன் செருப்பை ஒளிப்பான், நான் இருமினால் அழுவான், என்னைத் தவிர அவனுக்கு யாரையும் தெரியாது. அந்த 'ஆமா' நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நிறுத்த வேணாம்மா" என்றேன்.

"ஏன்?"

"பத்து வரைக்கும் எண்ணுறான். காத்திருக்கிறான். சும்மா நிக்கிறவங்கள சேத்துக்கிறான்."

"பத்து எண்ணுறத நீ சொல்லித் தர முடியாதா?"

"முடியல."

அந்தக் கட்டையை எடுத்ததைவிட இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "சரி, நீயே கூட்டிக்கினு போ. உன் ஸ்கூலும் டவுன்லதான இருக்குது. மத்தியானம் சித்தி கூட்டியாந்துடும்" என்றார். எழுந்து உள்ளே போகும்போது, வாசலில் தீப்பெட்டி எண்ணுகிறவன் சத்தம் காதில் விழுந்து நின்றார்.

"ஏன்டி, ஏழு வரலியே அவனுக்கு?"

"வராது. அங்க யாருக்குமே வராது."

"அப்ப அத நீ சொல்லிக் குடு."

இப்போது லீவு முடிந்து தினமும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன், அதனால் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். எட்டு பத்து பஸ்ஸை நம்பாதீர்கள், ஆனால் எட்டு ஐந்துக்கே வந்து நில்லுங்கள், என்றைக்காவது சரியான நேரத்துக்கு வந்து தொலைக்கும். சில்லறை வைத்திருங்கள். சாயங்காலம் குழந்தையிடம் 'இன்னைக்கு என்ன படிச்ச' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்ல' என்றுதான் வரும். 'இன்னைக்கு யாரு என்னவா இருந்தீங்க' என்று கேளுங்கள், தூங்குகிறவரைக்கும் வாய் மூடாது. உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்தால் பழைய பாவாடை கட்டிக்கொண்டு போங்கள், படுக்க வேண்டியிருக்கும். மரப்பாலம் ஸ்டாப்பில் இறங்காதீர்கள். அங்கே ஒன்றும் இல்லை, பாலம் டவுனுக்குள் இருக்கிறது.

கதவைப் பார்த்ததும் கையை உருவிக்கொண்டு ஓடுவார்கள். அதற்கு யோசனை எதுவும் என்னிடம் இல்லை. நான் பத்து எண்ணுகிறவரைக்கும் வாசலில் நிற்பேன், திரும்பிப் பார்க்கிறானா என்று. ஏழை விடாமல்தான் எண்ணுகிறேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போன வெள்ளிக்கிழமை தாமு முதல் தடவையாக ஆறுக்கு அப்புறம் ஏழு சொன்னான். அது நான் பத்து நாளாக பஸ்ஸில் சொல்லிக் கொடுத்தது. அந்த வாசலில் செசில் என்று ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவள்தான் சொல்லிக் கொடுத்தாள் என்று உங்களிடம் சொல்லுவாள். நம்பாதீர்கள்.